தலைவர் எடுத்த பல்

பல் மருத்துவர்களிடையே மன அழுத்தம் என்று எதுவும் இல்லை என்றும், அதைக் குறைப்பதற்காகப் பல் மருத்துவப் பேரவை எடுத்திருக்கும் நடவடிக்கைகள் கீழே தரப்பட்டுள்ளன என்றும் சுற்றறிக்கை சொன்னது.

அவன் அதை முதலில் நின்றுகொண்டு படித்தான். பிறகு நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு படித்தான். தொற்று வந்து கிளினிக்கை மூடிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார அவனை விட்டால் ஆளில்லை. தலைக்கு மேலே அணைந்த விளக்கு. பக்கத்தில் காய்ந்துபோன துப்புத் தொட்டி. அதன் விளிம்பில் ஒரு சிலந்தி குடியேறி, கேட்பாரில்லாமல் சௌகரியமாக இருந்தது.

சுற்றறிக்கையின் சாரம் இதுதான். தொற்று வாய் வழியாகப் பரவுகிறது. பல் மருத்துவர்கள் வாயில் வேலை செய்கிறார்கள். ஆகவே பேரவை அனுமதிக்கும்வரை எந்தப் பல் மருத்துவரும் யாரையும் வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது. அனுமதி வேண்டுமென்றால், பதற்றமில்லாதவர் என்று மன உறுதிக் குழு அவருக்குச் சான்று தர வேண்டும். பதற்றம் இருப்பது தெரிந்தால், அதற்குக் காரணமான தொழிலிலிருந்து அவர் கருணையோடு நீக்கப்படுவார். தொழில் போய்விட்டால் தொழிலால் வந்த அழுத்தமும் போய்விடும் என்பது பேரவையின் கண்டுபிடிப்பு. இதற்காக ஒரு துணைக்குழு பலமுறை கூடி, ஒவ்வொரு முறையும் சாப்பிட்டிருந்தது.

பதற்றத்தின் முதல் அடையாளம், தூக்கத்தில் பல்லைக் கடிப்பது என்று போட்டிருந்தது.

அவன் நாக்கு தானாக வலது கீழ்க் கடைவாய்க்குப் போனது. அங்கே பல் நடுவில் பிளந்திருந்தது. ரஸ்க் தின்றபோது பிளந்தது. ரஸ்க்கைக் குற்றம் சொல்ல முடியாது, அது டீயில் நனைத்த ரஸ்க். மாதக்கணக்கில் தூக்கத்தில் நறநறவென்று அரைத்து அவனே அந்தப் பல்லைத் தயார் செய்து வைத்திருந்தான். ரஸ்க் கடைசியில் வந்து பழியை ஏற்றுக்கொண்டது.

பழக்கம் புதிது இல்லை. மனைவி இருந்தவரைக்கும், அவன் அரைக்க ஆரம்பித்தால் அவள் தூக்கம் கலையாமலே கையை நீட்டிக் கன்னத்தில் ஒரு தட்டு தட்டுவாள். நின்றுவிடும். முதல் அலையில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு தட்ட ஆளில்லை.

அவளுடைய அம்மா, காரியங்களுக்காக வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சையும் எங்கே துண்டிக்க வேண்டும் என்று தெரிந்தவர். இரண்டு பேரும் இழந்தது ஒரே ஆளைத்தான். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. தண்ணீர் மோட்டார் பற்றியும் பால் திரிந்தது பற்றியும் விரிவாகப் பேசுவார்கள்.

"ராத்திரி உங்க ரூம்ல மரம் அறுக்கிற மாதிரி சத்தம் கேட்டுச்சே, மாப்பிள்ளை."

"எலியா இருக்கும் அத்தை."

"அப்படின்னா அந்த எலி சீக்கிரம் ஒரு பல்லு டாக்டரைப் பார்க்கிறது நல்லது."

பார்க்கத்தான் ஆசை. ஊர் முழுக்கப் பல் மருத்துவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். பக்கத்துத் தெருவில் அவனுடன் படித்தவனே இருந்தான். கல்லூரியில் எந்தப் பல்லைக் கண்டாலும் வேர் வரைக்கும் போகாமல் விடமாட்டான் என்பதால் அவனுக்கு ரூட்டு என்று பெயர். முதல் வருஷத்தில் மெழுகுத் தாடையில் வலது பல்லை எடுக்கச் சொன்னால் இரண்டு பேரும் இடது பல்லை எடுத்துவிட்டு நிற்பார்கள். எதிரில் இருப்பவனின் வலது, பார்ப்பவனுக்கு இடது. தொழிலின் முதல் பாடம் அதுதான். அதிலிருந்து "உன் வலதா, என் வலதா" என்பது அவர்களுக்குள் ஒரு பேச்சாகிவிட்டது. ரோட்டைக் கடக்கும்போதும் கேட்டுக்கொள்வார்கள்.

ரூட்டுவை வீடியோவில் அழைத்து விஷயத்தைச் சொன்னான்.

"உனக்கு வைத்தியம் பண்ணினா உன் லைசென்ஸ் போகும்" என்றான் ரூட்டு. "உன் வாயைத் திறந்ததுக்கு என் லைசென்ஸும் போகும். பேசாம சகிச்சுக்கடா."

ரூட்டு பேசியபோது உதடு மட்டும் அசைந்தது, தாடை அசையவில்லை.

"நீ கொஞ்சம் ஆ காட்டு."

"எதுக்கு?"

"சும்மா காட்டுடா."

"நெட்வொர்க் சரியில்ல" என்று சொல்லி ரூட்டு வைத்துவிட்டான்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊரிலுள்ள எல்லாப் பல் மருத்துவருக்கும் தெரியும். பல் வரிசையை அச்செடுத்து, ராத்திரி போட்டுக்கொள்ள மெத்தென்று ஒரு உறை செய்ய வேண்டும். அச்செடுக்க வாயைத் திறக்க வேண்டும். அங்கே பேரவை நின்றுகொண்டிருந்தது.

ஆகவே அவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. பதற்றமில்லாதவன் என்று சான்று வாங்க வேண்டும். கிளினிக் திறந்துவிட்டால், பிறகு யாராவது ஒருவன் இந்தப் பல்லைப் பார்ப்பான்.

மன உறுதிப் பயிற்சி பேரவையின் பெரிய மண்டபத்தில் நடந்தது. மூடிய இடங்களில் கூட்டம் கூடக் கூடாது என்று ஊருக்கு உத்தரவு இருந்ததால், கூட்டத்தைக் கலைக்க யாரும் வந்துவிடாதபடி ஜன்னல்களையும் மூடியிருந்தார்கள். எல்லோரும் முழுக் கவச உடையில் வர வேண்டும் என்பது விதி. கால் முதல் தலை வரை பிளாஸ்டிக். அதற்குமேல் இரண்டு முகக்கவசம். அதற்குமேல் கண்ணாடித் தடுப்பு. வாசலில் ஆளுக்கொரு மூன்றாவது முகக்கவசமும் கொடுத்தார்கள். அதில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு வாய் அச்சடித்திருந்தது. மருத்துவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதைப் பொதுமக்கள் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்காகப் பேரவைத் தலைவரே வரைந்த படம் என்றார்கள். அச்சடித்த சிரிப்பில் மேல் முன்பல் ஒன்று அதிகமாக இருந்தது. உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

மூச்சுப் பயிற்சியாளர் மேடையேறினார். அவருக்கு மட்டும் முகக்கவசம் கிடையாது, மைக் இருந்தது. ஆழமாக மூச்சை இழுங்கள், வாய் வழியாக மெல்ல விடுங்கள் என்றார். விட்டார்கள். கண்ணாடித் தடுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளுத்துப்போயின. மண்டபமே பனியில் மூழ்கிய மாதிரி ஆனது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மருத்துவர் நாற்காலியோடு சாய்ந்தார். பின்வரிசையில் ஒருவர் நாற்காலி இல்லாமலே சாய்ந்தார். அவர்கள் ஆழ்ந்த ஓய்வு நிலையை அடைந்துவிட்டதாகப் பயிற்சியாளர் அறிவித்தார். கைதட்டச் சொன்னார். ஓய்வு அடைந்தவர்களைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள்.

பிறகு தலைவர் பேசினார்.

"தொழில் பண்றவங்க கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு சிலர் பேசறாங்க. நானும் பல் டாக்டர்தான். பதவிக்கு வந்த நாள்லருந்து ஒரு நோயாளியைக்கூட நான் தொட்டதில்ல. என்னைப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்கேன்? அப்ப அழுத்தம் எங்கருந்து வருது? நோயாளிகிட்டருந்து வருது. நீங்க அதை விட்டுட்டு நோயைச் சொல்றீங்க, கிருமியைச் சொல்றீங்க, வாடகையைச் சொல்றீங்க. பல் வலிங்கறதே ஒரு நினைப்பு. நான் அப்படித்தான் எடுத்துக்கறேன்."

கடைசி வரியைச் சொன்னபோது அவர் கை ஒரு கணம் தாடைக்குப் போய்த் திரும்பியது. அவன் அதைக் கவனித்தான். தொழில் புத்தி. மற்றவர்களும் கவனித்திருப்பார்கள்.

அடுத்தது சிரிப்புத் தேர்வு. வாய் மூடியிருப்பதால் சிரிப்பைக் கண்ணில்தான் அளக்க முடியும் என்பதால், ஸ்கேலோடு இரண்டு ஊழியர்கள் வரிசையாக வந்து கண்ணோரச் சுருக்கத்தை அளந்தார்கள். "சிரிங்க" என்பார்கள், அளப்பார்கள், போவார்கள். வயதானவர்கள் சிரிக்காமலே தேறினார்கள். அவன் முறை வந்தபோது அவன் சிரித்ததாகத்தான் நினைத்தான். ஊழியர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்து ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சார், ஆரம்பிக்கலாம்."

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஊழியர் அவனைக் குழுவிடம் அனுப்பினார்.

குழு என்பது ஒரு நீள மேஜை. நடுவில் செயலாளர். தனக்கு அழுத்தம் இருப்பதாக மருத்துவர் கருதுகிறாரா என்று செயலாளர் கேட்டார். இல்லை என்றான். இல்லை என்று சொல்வது அழுத்தத்தின் இரண்டாம் கட்டம் என்று செயலாளர் மற்றவர்களுக்கு விளக்கினார். அப்படியென்றால் இருக்கிறது என்றான். அது முதல் கட்டம் என்றார். மூன்றாம் கட்டம் என்ன என்று அவன் கேட்டான். பேரவையைக் கேள்வி கேட்பது என்று பதில் வந்தது.

கண்ணில் ஏன் சுருக்கமில்லை என்று கேட்டார்கள். மனைவி இறந்துவிட்டாள் என்றான். எப்படி என்றார்கள். தொற்றில் என்றான். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க பல் டாக்டரா?"

"இல்ல. லைப்ரரியன்."

செயலாளருக்கு மூச்சு வந்தது. "அப்படின்னா இது தனிப்பட்ட துக்கம். தொழில் சார்ந்தது இல்ல. நம்ம வரம்புலயே வராது" என்றார் மற்றவர்களிடம். பிறகு அவனிடம் குனிந்து, ரொம்பக் கனிவாக, "லைப்ரரிக்காரங்களுக்குன்னு ஒரு பேரவை இருக்குமே, அங்க விசாரிச்சுப் பாருங்க" என்றார்.

தேர்வில் தோற்றவன் என்று முடிவாயிற்று. ஆறுதலாக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். கடைவாய்ப் பல் வடிவத்தில் இருந்தது. பதற்றம் வரும்போது கையில் வைத்து அமுக்க வேண்டும். அன்று ராத்திரி அவன் அதைப் பிளேடால் பாதியாக நறுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு படுத்தான். பேரவை தன் வாழ்நாளில் ஒரு பல்லுக்குச் செய்த நல்லது அது ஒன்றுதான்.

பந்து சில நாள்தான் தாங்கியது. வலி காதுக்கு ஏறியது. அவன் இடது பக்கத்தில் மட்டும் மென்று சாப்பிட்டான். அத்தை ஒன்றும் கேட்காமல் ரொட்டியின் ஓரங்களை வெட்டிவிட்டு வைக்க ஆரம்பித்தார்.

ஒரு மத்தியானம் கிளினிக்கின் பின்கதவை யாரோ தட்டினார்கள். அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு பெரிய மனுஷர். மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருக்கு. யாருன்னு கேட்டா பொதுமக்கள்ல ஒருத்தர்ங்கறார்."

தலைவர்தான். கழுத்துத் துணியைத் தலையோடு சுற்றிக் கட்டியிருந்தார். வலது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டார். தானாகவே நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

"வாயைத் திறக்கச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல சார்" என்றான் அவன்.

"நானாத் திறக்கறேன்" என்றார் தலைவர்.

முழுதாகத் திறக்க முடியவில்லை. திறந்த வரைக்கும் விளக்கை அடித்துப் பார்த்தான். பல் வரிசை முழுக்க மொட்டையாகத் தேய்ந்திருந்தது, அரத்தால் ராவின மாதிரி. கடைவாயில் ஒன்று பிளந்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. அவனுடைய பல் இன்னும் கொஞ்ச நாளில் எங்கே போய்ச் சேரும் என்பதை அவன் அங்கே பார்த்தான்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா சார்?"

தலைவர் வாயை மூடிக்கொண்டார். "வீட்டுல தனி ரூம் கொடுத்துட்டாங்க" என்றார்.

தன்னிடம் ஏன் வந்தார் என்று அவன் கேட்டான். ஊரில் பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கிறார்களே.

"நீங்க தேர்வுல தோத்தவர். நாளைக்கு வெளிய சொன்னாலும் எவன் நம்புவான்?"

அவன் ஊசி போட்டான். சீழை வடித்தான். பிளந்த பல்லை எடுத்துத் தட்டில் போட்டான். தலைவர் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. ஸ்கேல் வைத்திருந்தால் நல்ல சுருக்கம் கிடைத்திருக்கும். வலி விட்டதும் அவருக்குக் குரல் வந்தது. குரலோடு பதவியும் வந்தது.

"நீங்களும் பல்லை வெச்சுக்கிட்டு அவஸ்தைப்படறீங்கன்னு தெரியுது. உக்காருங்க, நான் எடுக்கறேன்."

"வேண்டாம் சார்."

"உக்காருங்க. உங்க கை என் வாயில பட்டாச்சு. என் கை உங்க வாயில பட்டாத்தான் கணக்கு நேராகும். நாளைக்கு நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க, நானும் திறக்க மாட்டேன். கிளினிக்குக்கு அனுமதி சாயந்திரமே வந்துடும்."

அனுமதி என்ற சொல் ஒருபுறம் இழுத்தது. வலியும் மறுபுறம் இருந்து தள்ளியது. அவன் உட்கார்ந்தான். தலைவர் கையுறை மாட்டிக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றார். அவர் கைகள் பற்றிக்கொள்ள எதையோ தேடின.

"வலது கீழ்க் கடைவாய் சார்."

"எனக்குத் தெரியும்."

வாய்க்குள் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தாகிவிட்டது. அதற்குமேல் எந்த நோயாளிக்கும் மொழி கிடையாது. ஊசி இடது பக்கம் இறங்கியது. அவன் "ஆ, ஆ" என்றான். வலது கன்னத்தைச் சுட்டிக் காட்டினான். தலைவர் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கி வைத்தார்.

"பாத்தீங்களா, இதுக்குப் பேர்தான் பதற்றம். மூச்சை ஆழமா இழுங்க. மெல்ல விடுங்க."

அவன் இழுத்தான். விட்டான். இத்தனை வருஷமாகத் தன் நாற்காலியில் படுத்து "ஆ, ஆ" என்றவர்கள் ஒவ்வொருவரும் என்னதான் சொல்ல வந்தார்களோ என்று அப்போது அவனுக்குத் தோன்றியது. குறடு இறங்கியது. பல் கெட்டியாக இருந்தது, விட மனமில்லாமல் நின்றது. அவன் உடம்பிலேயே ஆரோக்கியமான பாகம் அதுவாகத்தான் இருக்கும். கடைசியில் வந்தது.

தலைவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளையாக, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"கை மறக்கல பாருங்க. எவ்வளவு முழுசா வந்திருக்கு!"

வாயிலிருந்த முட்டுக் கட்டையை எடுத்ததும் அவன் வலது பக்கம் இன்னும் வலிக்கிறது என்றான். இடது உதடு மரத்திருந்ததால் சொல் குழறியது.

"கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் தலைவர். "அது நினைப்பு."

அனுமதி சொன்னபடி சாயந்திரமே வந்தது. கூடவே ஒரு புதிய சுற்றறிக்கையும் வந்தது. மன அழுத்தம் உடம்பில் ஒரு குறிப்பிட்ட பல்லில்தான் தங்குகிறது என்று தலைவர் தம் கைப்படக் கண்டறிந்திருக்கிறார். அந்தப் பல்லைப் பேரவையில் ஒப்படைத்துவிடும் மருத்துவர்களுக்கு உடனடியாகக் கிளினிக் திறக்க அனுமதி.

அந்தத் திட்டத்தின் தொடக்க விழாவில் அவனை மேடையில் ஏற்றினார்கள். முகக்கவசத்தைக் கழற்றிச் சபைக்கு வாயைத் திறந்து காட்டச் சொன்னார் தலைவர். தலைவர் அன்று முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அச்சடித்த சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஒரு கேமரா அவன் வாயைத் திரையில் பெரிதாக்கியது. இடது பக்கம் புத்தம்புதுக் குழி. வலது பக்கம், ஒரு வாளி அளவுக்குத் திரையில் விரிந்து, பிளந்த கடைவாய்ப் பல்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பல் மருத்துவர்கள். ஒரு வாயைப் படிக்க அவர்களுக்கு ஒரு கணம் போதும். படித்தார்கள். திரையைப் பார்த்தார்கள், தலைவரைப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். எல்லோரும் கையுறை போட்டிருந்ததால் சத்தம் மொத்துமொத்தென்று வந்தது, யாரோ தலையணையை அடிக்கிற மாதிரி.

கீழே இறங்கியபோது ரூட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எந்தப் பல்லை எடுத்தாரு?"

"நல்லதை."

"கிளினிக்?"

"அனுமதி வந்தாச்சு."

ரூட்டு மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தான். "வரிசை எங்கடா ஆரம்பிக்குது?"

"உனக்குப் பைத்தியமா? வா என்கூட. நீ என்னுதைப் பாரு, நான் உன்னுதைப் பாக்கறேன்."

"உனக்கு அனுமதி இருக்கு. எனக்கு இல்லையே" என்றான் ரூட்டு. மேடையோரம் பல்லைக் கொடுக்க வந்தவர்களின் வரிசை ஏற்கனவே வளைந்து கதவைத் தொட்டிருந்தது. யாரோ ஒருவர் முன்னே நகர்ந்தார். ரூட்டுவும் போய்ச் சேர்ந்துகொண்டான்.

அவன் தனியாக வீட்டுக்கு வந்தான். கிளினிக்கின் ஷட்டரைத் தூக்கினான். துப்புத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டதும் சிலந்தி மட்டும் அவசரமாக இடத்தைக் காலி செய்தது. நோயாளி யாரும் வரவில்லை. நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

கன்னத்தில் ஒரு தட்டு விழுந்தது. தாடை நின்றது. அவன் கண்ணைத் திறக்காமல் சிறிது நேரம் அப்படியே கிடந்தான். தட்டிய கையும் உடனே எடுபடவில்லை.

"சத்தம் தெரு வரைக்கும் கேக்குது, மாப்பிள்ளை" என்றார் அத்தை. "வாசல்ல ஆள் நிக்கறாங்க. பயந்துடப் போறாங்க."

வாசலில் ரூட்டு நின்றான். ஒரு பக்கம் பஞ்சைக் கடித்திருந்தான், மறு பக்கம் வீங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் அதே கோலத்தில் இன்னும் சிலர், தெருமுனை வரைக்கும். எல்லோர் கையிலும் அனுமதி இருந்தது. எல்லோர் வாயிலும் வலிக்கிற பல் அப்படியே இருந்தது.

"இப்ப இதைப் பாருடா" என்றான் ரூட்டு.

"முதல்ல நீ என்னுதைப் பாரு."

ரூட்டு முறைத்தான். பிறகு உள்ளே வந்து கையைக் கழுவினான், ரொம்ப நேரம், விரலிடுக்கெல்லாம். ஊசியில் மருந்தை ஏற்றினான். விளக்கை இழுத்து அவன் முகத்துக்கு நேரே வைத்தான்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

ரூட்டு ஊசியை இறக்கவில்லை. எதிரே நின்று அவனைப் பார்த்தான்.

"உன் வலதா, என் வலதா?"

அவன் கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். ரூட்டு தலையாட்டிவிட்டு, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான்.